இரு கரைக்கும் ஒரே அறை

ஆய்வு என்று சொல்லிவிட்டால் போதும், இங்கிலாந்துப் போலீஸ்காரர்களுக்குத் தும்மல்கூட விதிப்படிதான் வரும். பல ஊர்களில் இந்த நாடகத்தைப் பார்த்துச் சலித்தவள் ரோசலிண்ட் பீக். எந்தப் படையையும் சாராமல், போலீஸ் படைகளுக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. குறுக்கே பேசக் கூடாது. உட்கார்ந்து பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான்.

லோவன் கழிமுகத்தின் வடகரைப் படையும் தென்கரைப் படையும் சேர்ந்து நடத்தும் அவசர அழைப்பு அறை அது. கூட்டு நீடிக்குமா, கலையுமா என்பது அவள் போடும் மதிப்பெண்ணில் இருந்தது. டீ போடக்கூடப் படைக்கொரு கெட்டில் வைத்திருப்பதைப் பார்த்ததுமே, இது தேறாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

முற்பகலில் வடகரைக்காரி கிளெனிஸுக்கு ஓர் அழைப்பு வந்தது. முதியோர் இல்லத்திலிருந்து மறதி நோயுள்ள கிழவர் ஒருவர் வெளியேறி, மணல்திட்டு வழியாகத் தென்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். கடல் ஏறும் நேரம்.

கிளெனிஸ் ரோசலிண்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு, இன்று எல்லாம் விதிப்படி நடக்க வேண்டும் என்று மேலதிகாரி டில்லிங் காலையில் ஓதியிருந்தபடி, அழைப்பைத் தென்கரைக்கு மாற்றும் கோரிக்கையைக் கணினியில் தட்டத் தொடங்கினாள். எதிர்மேசையில், கைக்கெட்டும் தூரத்தில், தென்கரைக்காரன் பார்னபி அது தன் திரைக்கு வரட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

ரோசலிண்டின் ஹெட்போனிலும் இல்லத்துப் பணிப்பெண்ணின் அழுகை கேட்டது. "தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சும்மா! சீக்கிரம்!"



"நாசமாப் போகட்டும் இந்த ஆய்வு!" கிளெனிஸ் விசைப்பலகையைத் தள்ளினாள். "டேய் பார்னபி, கிழவரு தண்ணிக்குள்ள நிக்கிறாருடா! படகு எங்க?"

"எப்படா நீ வாயத் தெறப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன், மகராசி! இதோ அனுப்பறேன். ஒங்க வண்டிங்கள கரையில சைரன் அடிக்கச் சொல்லு. சத்தம் கேட்டு மனுசன் திரும்பட்டும்."

"நீயே சொல்லு, நான் படகுக்கு வழி சொல்றேன்!"

அதற்குப் பிறகு யார் எந்தப் படை என்று ரோசலிண்டால் பிரிக்க முடியவில்லை. வடகரை வண்டிகளைப் பார்னபி ஏவினான். தென்கரைப் படகைக் கிளெனிஸ் நடத்தினாள். ஒருத்தி தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவன் முடித்தான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆயிரம் கூட்டு ஒப்பந்தங்களைப் படித்தவளுக்குக் கூட்டு என்றால் என்னவென்று அன்றுதான் கண்ணில் பட்டது.

"ஏத்திட்டோம்," என்றது படகிலிருந்து ஒரு குரல். "உசுரோட இருக்காரு. டீ கேக்குறாரு."

கிளெனிஸ் மேசையில் தலை சாய்த்து விம்மினாள். பார்னபி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

டையைச் சரிசெய்தபடி டில்லிங் உள்ளே வந்தார். "பாத்தீங்களா மேடம்? எல்லாம் விதிப்படி!"

"இல்ல சார்," என்றாள் ரோசலிண்ட். "விதிப்படி நடந்தது ஆரம்பத்துல கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ள கிழவரு முழங்காலுக்குத் தண்ணி வந்துடுச்சு. நான் இங்க உக்காந்திருக்கலேன்னா அந்த நேரமும் வீணாகியிருக்காது. இவங்களுக்கு முழு மதிப்பெண் போடறேன். குத்தம்னு ஒண்ணு எழுதணும்னா, அத எம் பேர்லதான் எழுதணும்."