தொண்ணூற்று நாலு சதவீதம்

பிப்பெட் முனையால் பல் குத்துகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அவர் எங்கள் துறைத்தலைவர். ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களைப் பற்றி நாடு நாடாகப் போய்ப் பேசுகிறவர். பேச்சில் தேன் சொட்டும் என்பதால் ஆய்வகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாகு. குத்தி முடித்ததும் முனையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார். அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையுறை போட்டிருந்தாலும் உள்ளங்கையை மேலங்கியில் இரண்டு முறை துடைத்துக்கொள்வேன். அப்போதுதான் மனசு ஆறும்.

என் வேலை உறைய வைப்பது. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் உடம்பிலிருந்து மூலச் செல்களைப் பிரித்தெடுத்து, பையில் அடைத்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைப்போம். நாள் வந்ததும் வார்டில் ஒரு கடுமையான மருந்து கொடுப்பார்கள். அது புற்றுநோயோடு சேர்த்து எலும்பு மஜ்ஜையையும் துடைத்துப் போட்டுவிடும். இரண்டு நாள் கழித்துப் பையை வெதுவெதுப்பான நீரில் உருக்கி அவர்களுக்கே ஏற்றுவோம். செல்கள் எலும்புக்குள் போய் உட்கார்ந்து புது ரத்தம் செய்யத் தொடங்கும். மருந்து உள்ளே போன பிறகு அந்தப் பையை விட்டால் அவர்களுக்கு வேறு கதி கிடையாது.

இன்னொரு விஷயம், நாற்றம். உறையும்போது செல் உடையாமலிருக்க ஒரு திரவம் சேர்க்கிறோம். பையை ஏற்றியபின் அது நோயாளியின் மூச்சிலும் வியர்வையிலும் வெளியே வரும். அழுகின பூண்டும் கெட்டுப்போன சோளமும் சேர்ந்த நாற்றம். என் தலைமுடியில்கூட ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் கதவைத் திறந்ததுமே, "இன்னைக்கு யாருக்கோ ஏத்தினீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலையெல்லாம் திறந்துவிடுவார்.

இந்த நாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே விசாரித்த ஒரே நோயாளி அந்தப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்தான்.

"ஏற்கெனவே இவ என்னை ஆறடி தள்ளித்தான் படுக்கச் சொல்றா. இது வேறயாம்மா?" என்றார்.

"நாறினாலும் பரவாயில்ல, ஆள் இருந்தா போதும்," என்றாள் மனைவி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க கையிலதாங்க இருக்கு." அவளுக்கு அது பழக்கம். பேசினால் எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள்.

நான்கு மாதத்துக்கு முன் அவருடைய செல்களை எடுத்து இரண்டு பைகளில் வைத்தோம். அதற்கப்புறம் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் ஆய்வக வாசலில் நின்று, "என் சரக்கு பத்திரமா இருக்காம்மா?" என்று குரல் கொடுப்பார். "நல்லாத் தூங்குது," என்பேன். நானும் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொருவருடைய பையோடும் மூன்று சின்னக் குப்பிகளை உறைய வைப்பது முறை. பையில் இருக்கிற அதே செல்கள்தான். மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு குப்பியை உருக்கி, எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, படிவத்தில் 'உருக்கிய பின்' என்ற கட்டத்தில் எழுத வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வார்டில் மருந்துக்கு நாள் குறிப்பார்கள்.

குப்பிகளைப் பாகு எடுத்துக்கொண்டார். ஒன்றிரண்டு பேருடையதை அல்ல, கடந்த இரண்டு வருடமாக எல்லாருடையதையும். மனிதச் செல்களை எலிக்குள் ஏற்றி வளர்க்கும் ஆராய்ச்சிக்கு. கேட்டதற்கு, "மீதமாவதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களேம்மா," என்றார் வெண்ணெய் உருகும் குரலில். மீதம் என்றால் வேண்டியதை முடித்த பிறகு இருப்பதுதானே என்று யாரும் கேட்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது. நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

குப்பி இல்லையென்றால் படிவத்தில் என்ன எழுதுவது? உறைய வைத்த அன்றைக்கு எண்ணியதையே எழுதினோம். ஆய்வகத்தில் அதற்கு 'பழைய எண்ணைப் போடுறது' என்று பெயரே வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் ஒரு பைகூடக் கெட்டதில்லை. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. ஓட்டுநருக்கு நான்கு மாதத்துக்கு முன் தொண்ணூற்று நாலு சதவீதம். திங்கட்கிழமை நான் உட்கார்ந்து, 'உருக்கிய பின்: 94' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மருந்து என்று குறித்தார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு எலி அறைக்குப் போனேன். என் தராசை இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். அந்த அறையில் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாது. ஈர மரத்தூளும் மூத்திரமும் கண்ணைக் கரிக்கும். அங்கே வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளரை எல்லாரும் எலியம்மா என்போம். அவள் கூண்டுகளுக்கு நடுவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினாறு எலிக்கா. ஒண்ணுலகூட மனுஷ ரத்தம் வளரலை. ஒரு துளி இல்ல."

"சார் என்ன சொன்னார்?"

"எலி சரியில்லையாம். வேற இடத்துல வாங்கச் சொல்லிட்டார். கட்டுரையில இந்தப் பதினாறையும் சேர்க்க வேண்டாம்னுட்டார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சிரித்துக்கொண்டே தராசை எடுத்தேன். அதற்கடியில் அவளுடைய குறிப்பேடு திறந்து கிடந்தது. எந்தக் குப்பி எந்த எலிக்கு என்று எழுதியிருந்தாள். முதல் நான்கு எலிக்கு நேரே இருந்த நோயாளி எண் எனக்கு மனப்பாடம், ஓட்டுநருடையது. திங்கட்கிழமைதான் அதைப் படிவத்தில் எழுதியிருந்தேன்.

"இதை எப்போ எடுத்தீங்க?"

"ஆறு வாரம் இருக்கும். மூணாம் தொட்டியிலேருந்து. ஏன்க்கா?"

தொட்டி அறைக்கு ஓடினேன். தொட்டியின் வெப்பநிலையைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவி ஒன்று உண்டு. யாரும் பார்ப்பதில்லை, சுருட்டி அலமாரியில் போடுவோம். ஒவ்வொன்றாகப் பின்னோக்கி விரித்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய சுருளுக்கு வந்தேன். மூன்று நாள் தொடர் விடுமுறை. அந்த மூன்று நாளும் கோடு மேலே ஏறிப்போய், நான்காம் நாள் நைட்ரஜன் ஊற்றியதும் தடாலென்று கீழே இறங்கியிருந்தது. அபாய மணி ஏன் அடிக்கவில்லை? அது சும்மா சும்மா அலறுகிறது என்று பாகு ஒயரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கியது நான்.

செல்கள் தொட்டிக்குள்ளேயே உருகிச் செத்து, மறுபடி உறைந்திருக்கின்றன. செத்த செல்களைத்தான் எலிக்கு ஏற்றியிருக்கிறார்கள். எலியின் உடம்பு ஆறு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எலியம்மாவுக்கு அது தோற்றுப்போன சோதனை. பாகுவுக்கு அது கட்டுரையிலிருந்து எடுக்க வேண்டிய வரி. எனக்கு அது அடுத்த அறைச் சமாச்சாரம். எலிக்குள் போனவரும் பேருந்து ஓட்டுகிறவரும் ஒரே ஆள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னும் ஒரு வழி இருந்தது. பையோடு ஒட்டிக்கொண்டு ஒரு குழாய்த் துண்டு இருக்கும், அதற்குள்ளும் அதே செல்கள். அதை வெட்டி எடுத்து உருக்கி, நீலச் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். செத்த செல் நீலமாகிவிடும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. நூறு எண்ணினேன். தொண்ணூற்றேழு நீலம். நம்பாமல் இன்னொரு நூறு எண்ணினேன். தொண்ணூற்றெட்டு.

மணி பத்தேமுக்கால். பாகுவின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். அடுத்த வாரச் சொற்பொழிவுக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வாயில் பிப்பெட் முனை.

"சார், ஓட்டுநரோட பை செத்துப்போச்சு. மருந்தை நிறுத்தணும்."

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். முனையை வாயிலிருந்து எடுத்து நுனியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"குழாய் மெல்லிசும்மா. அது முதல்ல உருகும். பைக்குள்ள நல்லாவே இருக்கும். ரெண்டு பை இருக்கு, கொஞ்சம் பிழைச்சாலும் பெருகிடும்."

"குப்பியும் செத்திருக்கே சார். எலியில வளரலையே."

"எலி சரியில்லம்மா."

"அப்போ ஒரு பையை உருக்கிப் பார்த்துட்டு மருந்து குடுங்க."

"அடுத்த வாரம் தர ஆய்வுக் குழு வருது. இப்போ போய் ஊரைக் கூட்டினா என்ன ஆகும்? மருந்து போகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"மருந்து போனப்புறம் பார்த்து என்ன சார் செய்யறது?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "படிவத்துல தொண்ணூத்தி நாலுன்னு எழுதினது யாரும்மா?" என்று மெல்லக் கேட்டார்.

எவ்வளவு இனிமையான குரல் தெரியுமா? அந்த இனிமைதான் என்னைக் கொன்றது. மேசையில் வைத்த முனையின் நுனியில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் இவர் எச்சிலை அள்ளியிருக்கிறேன் என்று நினைத்தபோது அவர் மேல் வந்த அருவருப்பைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

வார்டுக்கு நான்கு மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன். ஓட்டுநர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாயில் புண் வராமலிருக்கப் பனிக்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்தார். மருந்துப் பை கம்பியில் தொங்கியது. குழாயைக் கையில் செருகியாயிற்று, அடைப்பை மட்டும் திறக்கவில்லை. செவிலியரின் விரல் அதன் மேல் இருந்தது.

"திறக்காதீங்க. அவரோட செல் செத்துப்போச்சு."

"உங்க சார் சொல்லணுமேம்மா," என்றார் செவிலியர்.

"அவர் சொல்ல மாட்டார். சாயம் போட்டு நானே எண்ணிட்டு வர்றேன்."

செவிலியர் என் முகத்தையும் மருந்துப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைக் கேட்டப்புறமும் திறந்தா என் வேலை மட்டுமா போகும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே குழாயைக் கழற்றி, மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆள் பிழைத்துவிட்டார். அந்த நிமிடத்துக்கு அது போதும் என்றிருந்தது.

"என்னம்மா, என் சரக்கு தூங்கிட்டே இருக்குன்னீங்க?" என்றார் ஓட்டுநர். சிரிக்க முயன்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாகு உள்ளே வந்தார். லிஃப்டில் வந்திருப்பார், மூச்சுக்கூட வாங்கவில்லை. நிலைமையை ஒரே பார்வையில் அளந்துகொண்டு, நேராக ஓட்டுநரின் தோளைத் தட்டினார்.

"பயப்படாதீங்க. எங்க பரிசோதனை முறை ரொம்பக் கறார். சின்னச் சந்தேகம் வந்தாலும் நிறுத்திடுவோம். உங்க செல்லைத் திரும்ப எடுக்கலாம், ரெண்டு மாசம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிச்சதே இவங்கதான்." என் பக்கம் கையைக் காட்டினார்.

மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்து, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும். உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும்." அவள் கண்ணீர் என் விரலில் பட்டது. பாகு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பொய்யில் எனக்கும் ஒரு பங்கு வெட்டி வைத்திருந்தார். பேசாமல் நின்றால் போதும். ஓட்டுநருக்கு ஒன்றும் குறையாது. எனக்கும் நல்ல பெயர்.

ஆனால் மூன்றாம் தொட்டியில் இன்னும் ஒன்பது பேருடைய பைகள் இருக்கின்றன. காதும் காதும் வைத்த மாதிரி இதை முடித்துவிட்டால் அந்த ஒன்பது பேருக்கும் பழைய எண்ணைத்தான் போடுவோம்.

"பரிசோதனை எதுவும் நடக்கலைங்க," என்றேன். "சோதிச்சுப் பார்க்க வச்சிருந்த குப்பியைச் சார் எலிக்குக் குடுத்துட்டார். படிவத்துல இருக்கிறது நாலு மாசத்துக்கு முந்தின எண். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன். அபாய மணி ஒயரைப் பிடுங்கினதும் நான்தான். அந்தத் தொட்டியில இன்னும் ஒன்பது பேரோடது இருக்கு."

ஓட்டுநர் வாயிலிருந்த பனிக்கட்டியைக் கிண்ணத்தில் துப்பினார்.

"எலிக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"வளரலை."

"எப்போ தெரியும்?"

"அது ஆராய்ச்சி. அது வேற, இது வேற," என்றார் பாகு.

"எலிக்குள்ள போனது நான்தானே சார்?"

பாகு மேலங்கிப் பையில் ஒரு பிப்பெட் முனையைத் தேடினார்.

மனைவி இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்போதுதான் அது அவளுக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. குனிந்து பார்த்தாள். மெதுவாக விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்து, உள்ளங்கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.