ஹேசல் காட்டுக்கு வந்துபோவது யார்

நடமாடும் நூலக வண்டியின் கிளட்ச் கேபிள் அறுந்திராவிட்டால் ரோனா லம்ஸ்டன் அந்தக் காட்டுக்குள் கால் வைத்திருக்கவே மாட்டாள். ஆறு வருஷமாக, இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணிக்கு அதன் ஓரத்தில்தான் வண்டியை நிறுத்துகிறாள். ஒரு மணி நேரம் புத்தகம் கொடுப்பாள், வாங்குவாள், ஆளில்லாத நேரத்தில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே கண்ணாடி வழியாக மரங்களைப் பார்ப்பாள். பார்த்ததோடு சரி. ஆடு மேய்ந்து மொட்டையாகிப்போன மலைச்சரிவில், யாரோ மறந்துவிட்டுப் போன கம்பளித் துண்டு மாதிரி அது கிடந்தது. நாலு ஏக்கர் இருந்தால் அதிகம்.

அன்றைக்கு மெக்கானிக் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அக்டோபர் மாதம், மழை அப்போதுதான் விட்டிருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்தால் கால் விறைக்கும். ரோனா பூட்ஸை மாட்டிக்கொண்டு, துருப்பிடித்த இரும்புக் கதவைத் தாண்டிக் குதித்தாள்.

உள்ளே போனதும் முதலில் சத்தம் மாறியது. சாலையில் காற்று காதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இங்கே இலையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. ஹேசல் மரங்கள் ஒற்றையாக நிற்கவில்லை. ஒரே தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு தண்டுகள், மூங்கில் புதர் போலக் கிளம்பிச் சாய்ந்து நின்றன. ஒவ்வொரு தண்டிலும் சாம்பல், வெள்ளை, மஞ்சள் என்று திட்டுத்திட்டாக ஏதேதோ படர்ந்திருந்தது. ஒரு கிளையில் சின்னச் சின்ன ரப்பர் கையுறைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு காளான். தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே ரப்பர் மாதிரிதான் இருந்தது. பாறைகளெல்லாம் பாசியில் முங்கிக் கிடந்தன. கையை வைத்தால் மணிக்கட்டு வரை உள்ளே போனது.

காட்டின் நடுவில் இருந்த ஒரு தட்டைப் பாறையில் மட்டும் பாசி குறைவாக இருந்தது. அதன்மேல் ஹேசல் கொட்டைகளின் ஓடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. எல்லாமே சரிபாதியாகப் பிளந்தவை. ரோனா குனிந்து இரண்டு பாதிகளை எடுத்துப் பொருத்தினாள். இழையளவு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டன. யாரோ நிதானமாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

யாராக இருக்கும்? நாலைந்து ஓடுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மெக்கானிக் வந்து, கேபிள் மாற்றி, அவள் வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. வண்டியிலிருந்த காட்டுயிர்ப் புத்தகத்தைப் புரட்டினாள். எலி வட்டமாக ஓட்டை போடும், ஓரத்தில் பல் தடம் இருக்கும். மரங்கொத்தி உடைத்தால் தூள் தூளாகும். பாதியாகப் பிளப்பது அணில். மனிதனும் பிளக்கலாம்.

அடுத்த தடவை பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல டூகல்ட் மெக்கல்லம் வந்தார். அறுபத்துநாலு வயது, கீழ்ப்பண்ணைக்காரர், முழங்கால் வலியால் தடி ஊன்றித்தான் நடப்பார், போர்க்கப்பல் புத்தகங்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ரோனா ஓடுகளை மேஜையில் பரப்பினாள்.

"இது என்ன வேலைன்னு சொல்லுங்க பாப்போம்."

"எலி."

"எலின்னா ஓட்டை போடும். இது அணில்."

"இந்த ஏரிக்கு மேற்கால அணிலே கிடையாது, லைப்ரரி. எங்கப்பா காலத்துலயே போயிடுச்சு. புஸ்தகத்துல அணில்னு போட்டிருந்தா வந்துடுமா?" என்றார். அவர் ரோனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"அப்ப யாரு?"

டூகல்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"அடிப்பக்கம் பேனாக்கத்தி நுனிய விட்டு ஒரு திருகு திருகினா இப்படித்தான் பிளக்கும்" என்றார் கடைசியில். "எங்க கெடந்துச்சுன்னு சொன்ன?"

"நடுவுல, தட்டைப் பாறை மேல."

"சரிதான். அவ வழக்கமா உக்கார்ற எடம்." ஒரு ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கப்பல் புத்தகத்தை எடுக்க மறந்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டே முக்காலுக்கு இஷ்பெல் வந்தாள். டூகல்டின் தங்கை, மேல்வீட்டில் தனியாக இருக்கிறாள், ஓய்வுபெற்ற செவிலி. அண்ணனும் தங்கையும் ஒருநாளும் வண்டியில் சேர்ந்து நின்றதில்லை. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது சுற்றுவட்டாரம் அறிந்த விஷயம். ஏன் என்று கேட்டால் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இஷ்பெல் ஓடுகளைக் கண்டதுமே கையில் எடுத்தாள்.

"இது எங்க கெடைச்சுது, கண்ணு?"

ரோனா சொன்னாள். இஷ்பெல் இரண்டு பாதிகளையும் சேர்த்து, கட்டைவிரலால் பிரித்து, மறுபடியும் சேர்த்தாள்.

"அந்த முழங்காலை வச்சுக்கிட்டா அவ்வளவு தூரம் ஏறிப் போறான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"யாரு?"

"யாரோ. எனக்கென்ன." ஆனால் அவள் கிளம்பவில்லை. "குவியலாவா கெடந்துச்சு? பழைய ஓடா, புதுசா?"

"புதுசுதான். உள்பக்கம் இன்னும் வெளுப்பா இருந்துச்சு."

இஷ்பெல் வாங்க வேண்டிய புத்தகத்தை விட்டுவிட்டு, போன தடவை படித்து முடித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு போனாள்.

ரோனாவுக்கு அந்த இரண்டு வாரமும் வேறு நினைப்பே இல்லை. அண்ணன் இது தங்கையின் வேலை என்று நினைக்கிறார், தங்கை அண்ணனின் வேலை என்று நினைக்கிறாள். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை முந்தைய நிறுத்தத்திலிருந்து அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள், செய்யக்கூடாததுதான். பதினொன்றரைக்கு வண்டியை நிறுத்தி, பூட்டி, கதவைத் தாண்டினாள்.

தட்டைப் பாறைக்குப் பக்கத்தில், விழுந்து கிடந்த பிர்ச் மரத்தின்மேல் இஷ்பெல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்க். ரோனாவைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள்.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

"ஒம்பது மணிலேர்ந்து. பின்பக்கம் மரத்துப் போச்சு. நேத்திக்கும் வந்தேன்."

"யாராவது வந்தாங்களா?"

"ஒரு ராபின் குருவி வந்துச்சு. என் பிஸ்கட்டைத் தின்னுட்டுப் போச்சு."

ரோனா பக்கத்தில் உட்கார்ந்தாள். பாறையில் புது ஓடுகள் இருந்தன. முன்பு பார்த்ததைவிடக் குவியல் பெரிதாகியிருந்தது. தேநீர் ஒரு கோப்பை குடித்து முடிப்பதற்குள் கீழ்ப்பக்கமிருந்து சுள்ளி முறியும் சத்தம் கேட்டது. தடி ஊன்றும் சத்தம், பிறகு மூச்சிரைப்பு. பெரணிகளை விலக்கிக்கொண்டு டூகல்ட் வந்து நின்றார். தலையில் தொப்பி, கையில் தடி, பக்கத்தில் நாய்கூட இல்லை.

இஷ்பெல் எழுந்துவிட்டாள்.

"வந்துட்டியா" என்றாள்.

"நீ இருப்பேன்னு தெரியும்" என்றார் டூகல்ட்.

"நான் இருப்பேன்னா? இது உன் வேலைதானே?"

"எது?"

"இந்த ஓடெல்லாம்."

"என் வேலையா? பேனாக்கத்தி உங்கிட்டல்ல இருக்கு. அப்பாவோடத."

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சு. நீதான்டா இங்க வந்து உக்காந்து தின்னுட்டிருக்கேன்னு நான் நெனச்சேன்."

"இந்தக் காலோடயா? இன்னைக்கு இங்க ஏறவே முக்கால் மணி ஆச்சு."

"அப்ப எதுக்கு ஏறின?"

டூகல்ட் தடியைப் பாசியில் குத்தினார். "நீ தனியா வந்து உக்காந்திருக்கியேன்னு."

ரோனாவுக்கு எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. தான் இல்லாததுபோல இருக்க முயன்று, கையிலிருந்த காலிக் கோப்பைக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் ஏதோ ஒன்று டூகல்டின் தொப்பியில் டக்கென்று விழுந்து, தெறித்துப் பாறையில் உருண்டது. பாதி ஓடு.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

நேர் மேலே, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், செங்கல் நிறத்தில் ஒரு அணில் உட்கார்ந்திருந்தது. காதில் குஞ்சம் குஞ்சமாக மயிர். வால் அதன் உடம்பளவுக்கு இருந்தது. முன்னங்கால்களில் ஒரு கொட்டையைப் பிடித்து, கூர்முனையில் ஒரு கடி கடித்து, பல்லை உள்ளே விட்டு நெம்பியது. கொட்டை இரண்டாகப் பிளந்தது. பருப்பை வாயில் போட்டுக்கொண்டு மற்றொரு பாதியையும் கீழே விட்டது.

"அட" என்றார் டூகல்ட்.

"சத்தம் போடாதே."

"எப்படி வந்துச்சு? சுத்தி ஒரு மரம் கிடையாதே. மொட்டை மலைல எப்படி நடந்து வரும்?"

"மலைமுதுகுக்கு அந்தப்பக்கம் ஸ்ப்ரூஸ் மரம் நட்டாங்கல்ல, நாப்பது வருஷத்துக்கு முன்னால" என்று இஷ்பெல் கிசுகிசுத்தாள். "அது வளந்து இப்ப ஓடை வரைக்கும் எறங்கிடுச்சு. ஓடையோரமா நாலஞ்சு ரோவன் மரம் இருக்கு. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவி வந்திருக்கும்."

"அந்த ஸ்ப்ரூஸை நட்டப்ப நீ கையெழுத்து வாங்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சியே. நடக்கூடாதுன்னு."

"அலைஞ்சேன். தப்புதான் போல."

டூகல்ட் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதே இல்லை போலிருந்தது. மெதுவாக வந்து பிர்ச் மரத்தின் மறுமுனையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். நடுவில் ரோனா. அணில் ஒருமுறை கீழே பார்த்தது, வாலை உதறியது, அடுத்த கொட்டையைத் தேடிப் போயிற்று.

"பதினாலு ஆட்டுக்குட்டி" என்றார் டூகல்ட், முன்னால் பார்த்தபடியே.

பதினோரு வருஷத்து விஷயம் இதுதான் என்று ரோனாவுக்குப் புரிந்தது.

"தெரியும்" என்றாள் இஷ்பெல்.

"அந்த வருஷம் ஏப்ரல்ல அப்படி ஒரு பனி. குட்டிங்களை இந்த மரத்தடிக்குக் கொண்டாந்திருந்தா பொழைச்சிருக்கும். காட்டுக் கதவுல சங்கிலி. சாவி உங்கிட்ட. நீ கிளாஸ்கோல."

"ஆடு நுழைஞ்சு மரக்கன்னுங்களை மொட்டையடிக்குதுன்னு சங்கிலி போட்டேன். பனி வரும்னு கனவா கண்டேன்? திரும்பி வந்தப்ப சுவரோரமா குட்டிங்களை வரிசையா போட்டு வச்சிருந்த. பாத்தேன். நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தேன்."

"வரலை."

"வந்தேன்டா. வாசல்ல நின்னேன். உள்ள வெளக்கு எரிஞ்சுது. நீ தெறக்கலை."

டூகல்ட் தொப்பியைக் கழற்றி, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த ஓட்டுத்துணுக்கைத் தட்டிவிட்டார்.

"ஒரு தடவைதானே தட்டினே" என்றார்.

"ரெண்டு தடவை."

"எனக்கு ஒண்ணுதான் கேட்டுது."

இஷ்பெல் பிளாஸ்க்கைத் திறந்து, ரோனாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கி, தேநீரை ஊற்றி அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். சர்க்கரை இல்லை என்று முகம் சுளித்தார், ஆனால் சொல்லவில்லை.

எங்கோ அருகில் "மே" என்று ஒரு சத்தம். கல்மதில் சரிந்திருந்த இடத்தின் வழியாகக் கறுப்பு மூஞ்சிக் கிழட்டு ஆடு ஒன்று உள்ளே வந்து, ஒரு ஹேசல் கன்றின் நுனியைச் சாவகாசமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

"உன் ஆடு" என்றாள் இஷ்பெல்.

"மதில் யாரோடது?"

"பாதி உன்னோடது."

"சரிஞ்ச பாதி உன்னோடது. ஏ லைப்ரரி, அந்தப் பக்கம் போய்க் கையை விரிச்சுக்கிட்டு நில்லு. பயப்படாதே, கடிக்காது."

ரோனா கையை விரித்துக்கொண்டு நின்றாள். டூகல்ட் தடியை நீட்டி இடப்பக்கம் மறித்தார். இஷ்பெல் கோட்டைக் கழற்றி வீசிக்கொண்டு வலப்பக்கமாக வந்தாள். ஆடு மூன்று பேரையும் பார்த்தது. யார் லாயக்கற்றவர் என்று கண்டுகொண்டு நேராக ரோனாவை நோக்கி ஓடி வந்து, அவளைப் பாசியில் உருட்டிவிட்டு, சுற்றி வந்து, தானாகவே மதில் சரிவின் வழியாக வெளியே போயிற்று.

அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கிவிட்டார்கள். முதுகெல்லாம் ஈரம். கைக்கடிகாரம் பன்னிரண்டே காலைக் காட்டியது. கீழே சாலையில் ஒரு கார் வந்து நின்று, பூட்டிய நூலக வண்டியைப் பார்த்து ஹார்ன் அடித்தது.

"அடிக்கட்டும்" என்றாள் இஷ்பெல். அவள் ஏற்கெனவே சரிவில் குனிந்து, விழுந்த கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். டூகல்ட் குனிய முடியாமல் தடியால் சுட்டிக்காட்டினார்.

"அது இல்ல, அந்தத் தட்டைக் கல்லை அடியில வையி."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அப்படி வைப்பியா?"

ரோனா ஒரு நிமிடம் கீழே சாலையைப் பார்த்தாள். பிறகு கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு, தூக்க முடிகிற அளவில் ஒரு கல்லைத் தேடினாள்.