பயிற்சி வண்டியில் ஏறியவர்கள்

பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் பஸ்ஸக்கா. படிக்கட்டில் நின்று "போலாம் ரைட்" சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், ஸ்டியரிங்கையே பிடித்துவிடுவது என்று ஒருநாள் முடிவெடுத்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். இதோ, இன்றைக்குப் பயிற்சி பஸ்ஸிலேயே, பெரிய பயணிகள் வண்டி ஓட்டும் உரிமத்துக்கான தேர்வு.

பக்கத்தில் ஆய்வாளர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல இருந்தார். மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே அவள் வண்டியை அலுங்காமல் பின்னுக்கு எடுத்துக் காட்டியதற்கும் ஒரு "ம்"தான்.

சாலைக்கு வந்ததும் சொன்னார்: "அந்த ஸ்டாப்ல நிறுத்துங்க. கதவத் திறந்து மூடிக் காட்டுங்க."

நடைபாதையை ஒட்டி நிறுத்தினாள். கதவு திறந்ததுதான் தாமதம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் முண்டியடித்து ஏறிவிட்டார்கள்.

"இது டெஸ்ட் வண்டிங்க, இறங்குங்க!" ஆய்வாளர் எழுந்து கத்தினார்.

"டிக்கெட் எடுக்கத்தான் போறோம் கண்டக்டர் சார், கோவப்படாதீங்க" என்றார் காய்கறிப் பையோடு ஒருவர்.

பஸ்ஸக்கா கண்ணாடியில் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் நாத்தனார்! 'ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடத் தெரியாதவ பஸ் ஓட்டப் போறாளாம்' என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்ட அதே புண்ணியவதி. அவளும் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ, இது எங்க வீட்டுப் பொண்ணு! எல்லாரும் கம்பிய நல்லாப் புடிச்சிக்குங்க!"

கொட்டுகிற மழையில் யாரை இறக்குவது? ஆய்வாளர் பொத்தென்று உட்கார்ந்தார். "அடுத்த ஸ்டாப் வரைக்கும் எடுங்கம்மா."

"கைக்கொழந்தையோட ஒரு அம்மா நிக்கிறாங்க சார். அவங்க உக்காரட்டும்."

"எடுங்கன்னு சொல்றேன்ல?"

"உக்காந்ததும் எடுக்குறேன் சார்."

பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது. பள்ளம் வந்தபோது மெல்ல இறக்கி மெல்ல ஏற்றினாள். வளைவில் ஒருவர்மேல் ஒருவர் சாயவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் கம்பியை விட்டாள். அப்புறம் பக்கத்திலிருந்தவரின் முழங்கையை இடித்தாள்.

"தண்ணியில ஓடம் போற மாதிரி போகுது பாத்தீங்களா? எங்க தம்பி பொண்டாட்டி! சின்ன வயசுலேருந்தே கெட்டிக்காரி."

'என் சின்ன வயதில் இவர் என்னைப் பார்த்ததே இல்லையே' என்று நினைத்ததும் பஸ்ஸக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மழை விட்டது; விஷயம் புரிந்து எல்லாரும் வாழ்த்திக்கொண்டே இறங்கினார்கள். ஆய்வாளர் திரும்பினார்.

"நான் சொல்லியும் எடுக்கலியே நீங்க?"

"தப்புதான் சார்..."

"தப்பில்ல. பாஸ்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் பார்த்தால், நாத்தனார் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, நீங்க எறங்கலியா?"

"நான் எதுக்கு எறங்கணும்? நம்ம வீட்டு வாசல்லயே கொண்டுபோய் நிறுத்து. நாலு பேரு பாக்கட்டும்!"