ஹீட்டர் வைத்த சீமைக் கார்

என் கல்யாணத்துக்கு மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் பாஸ்கா முடியும்வரை கோயிலில் யாருக்கும் தாலி ஏறாது. "பத்து மணிக்குப் பொண்ணு வரலைன்னா நான் அடுத்த ஊர்ப் பூசைக்குக் கெளம்பிருவேன்" என்று மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்துப் பங்குச் சாமியார் முன்னாலேயே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். அப்படிப்பட்ட நாளில் என் அப்பா அருளப்பன் டாக்சி பிடித்தாரா? அதுதான் இல்லை. தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரிடம் வாங்கிய பழைய சீமைக் காரில்தான் பெண் போகவேண்டுமாம்.

"ஹீட்டர் வச்ச காரு! அய்யம்பாளையத்துல யார்ட்ட இருக்கு?"

அடிவாரத்தில் இருக்கும் எங்கள் அய்யம்பாளையத்து வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கக் கூடாது.

அம்மாவும் சொந்தக்காரர்களும் வெள்ளனே பஸ்ஸில் போய்விட்டார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தால் மலைப்பாதையில் எனக்கு வாந்தி வரும். அதனால் பட்டுப் புடவையோடு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலடியில் ஈரச் சாக்கு போர்த்திய பூக்கூடை. பின்னால் அப்பாவின் சிநேகிதர், பேரிக்காய் வியாபாரி பிச்சை முகம்மது மாமா, மடியில் கேக் டப்பாவோடு.

டம்டம் பாறை தாண்டியதும் வண்டி பெருமூச்சு விட்டது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். ஊத்து என்கிற ஊர் வருவதற்குள் மறுபடியும் ஆவி. அப்பா ரேடியேட்டரைத் தடவினார், ஓஸ்களை அமுக்கினார், வாட்டர் பம்ப்பின் கீழே விரலை விட்டார். எங்கேயும் ஈரமே இல்லை.

"ஏலே பிச்சை, தண்ணி எங்கலே போகுது?"

"எஞ்சினே குடிக்குது போல. நீ வளத்த வண்டிதான?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மாப்பிள்ளை அலெக்சாண்டர் மாலையும் கழுத்துமாக நிற்பார், இங்கே நான் குரங்குகளுக்குக் காட்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது நாளுக்கு மேல் யார் காத்திருப்பது? சீட்டில் இருந்தபடியே கோபத்தில் காலை உதறினேன். புடவைக் கரை நனைந்து ஒட்டியது. "அய்யோ, புடவை நனைஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.

"பூக்கூடைத் தண்ணி தாயி" என்றார் அப்பா, குனிந்த தலை நிமிராமல்.

அப்போதுதான் உறைத்தது. வெளியே பல் கிட்டுகிற குளிர். நனைந்த காலோ கதகதவென்று இருந்தது. பூவில் தெளித்த தண்ணீர் எந்த ஊரில் சுடும்? வழியெல்லாம் மாமா கண்ணாடியை உள்பக்கம் துடைத்துக்கொண்டே வந்ததும் நினைவு வந்தது. மலை மூட்டம் என்று நினைத்திருந்தோம்.

கூடையைத் தூக்கி வெளியே வைத்தேன். டாஷ்போர்டுக்கு அடியில், ஹீட்டர் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக வெந்நீர்.

"அப்பா, இத்தனை நாள் ஒழுகாதது இன்னைக்கு மட்டும் ஏன் ஒழுகுது? புதுசா என்ன செஞ்சீங்க?"

அப்பா துணியால் கையைத் துடைத்தார். சுத்தமான கையை.

"உனக்குக் குளிருமேன்னு... காலையில ஹீட்டர் குழாயைத் தெறந்து விட்டேன். துரு ஏறிக் கெடந்துச்சு. குறடு போட்டுத் திருகுனேன், பிடி கையோட வந்துருச்சு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்பாவைத் திட்டவும் கட்டிக்கொள்ளவும் ஒரே நேரத்தில் தோன்றியது. திட்டினேன். அதற்குத்தான் அப்போது நேரம் இருந்தது.

பிடி போன குழாயை மூட வழியில்லை. "ஹீட்டரைக் கழட்டி விட்டுருங்க" என்றேன். அப்பாவின் முகம் வாடியது. ஹீட்டர் ஓட்டையைச் சோப்பு வைத்து அடைக்கலாம் என்று இழுத்தார்.

"அருளப்பா, ஒனக்கு மருமகன் வேணுமா, ஹீட்டர் வேணுமா?" என்றார் மாமா.

எஞ்சின் சூடு அடங்கியதும் வெரசாக வேலை நடந்தது. ஹீட்டருக்குப் போகிற ஓஸ், திரும்பி வருகிற ஓஸ் இரண்டையும் கழற்றினார்கள். நீளமான ஒன்றை வளைத்து, இரண்டு முனையையும் எஞ்சினிலேயே மாட்டி, கிளிப்பை இறுக்கினார்கள். தண்ணீர் இனி ஹீட்டர் பக்கமே போகாது. நான் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு வந்தேன். ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாமா கேக் டப்பாவில் தாளம் போட, நாங்கள் பாடிக்கொண்டே மலையேறினோம்.

கோயில் வாசலில் சாமியார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எங்களைப் பார்த்ததும் முறைத்துவிட்டு உள்ளே போனார், பூசைக்குத்தான். அலெக்சாண்டர் என் புடவைக் கரையின் கறையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

செருப்பை விட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துப் பீடத்தை நோக்கி நடந்தேன். தரை ஐஸாக இருந்தது. அப்பா மெல்லக் கேட்டார்: "குளிருதா தாயி?"

"இல்லப்பா. இன்னும் கதகதன்னுதான் இருக்கு."

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

"பின்ன? ஹீட்டர் வச்ச காருல்ல" என்றார், சாமியாருக்கே கேட்கும்படி.