கோட்டின் உள்பக்கம்

...நாற்பத்து மூன்று என்றால் அது அந்தச் சிடுமூஞ்சி நர்ஸின் கைக்கோளாறு, வேறென்ன, மாடி வார்டில் நாள் முழுக்க ஊசி குத்துகிற கைக்குப் பேனா பிடிக்க வருமா, முந்தின வாரம் இருபத்தொன்பது கட்டம் இருந்த புண் ஏழே நாளில் நாற்பத்து மூன்று கட்டமாக ஊதுவதற்கு அது என்ன புண்ணா பலூனா, என்று டாக்டரே காலையில் சிரித்துவிட்டார். நீங்க ஒரு வாரம் லீவு போட்டா இப்படித்தான் சிஸ்டர், இன்னைக்கு நீங்களே வரைஞ்சு சொல்லுங்க, முப்பதுக்குள்ள இருந்தா தேன் களிம்பையே தொடரலாம், இல்லேன்னா ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட அனுப்பிடணும், காலை வச்சுக்கிட்டு விளையாட முடியாது, என்றார். அவளும் கூடச் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. மாடிப்படியில் எதிரே வந்த சிடுமூஞ்சி, அவள் கேட்காமலேயே, "நான் தோல் எங்க இருக்கோ அங்கதான் கோடு போட்டேன். நீங்க எங்க போடறீங்கன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் காலையிலிருந்து முள்ளாகக் குத்துகிறது.

டிரைவர் முக்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எட்டு வாரமாக வருகிறார், பேருந்தின் பிரேக்கை முப்பது வருஷம் மிதித்த கால், கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக ஒரு புண், ஒன்றரை வருஷமாக ஆறவில்லை, டிப்போவில் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவள் கட்டின்மேல் உப்புநீரை ஊற்றினாள், ஒட்டிப்போன துணி தானாக விட்டு வரவேண்டும், இழுத்தால் புதிதாக வந்த தோலும் சேர்ந்து வந்துவிடும், வந்திருந்தால். எப்படி சிஸ்டர் இருக்கான் நம்மாளு, காலி பண்றானா, இல்ல இன்னும் குடியிருக்கானா, என்று வழக்கம்போலக் கேட்டார், அவருடைய புண் அவருக்கு ஒரு பிடிவாதமான குடித்தனக்காரன். வழக்கமாக அவளும், மூட்டை கட்டிட்டான், கிளம்பிடுவான், என்பாள். இன்று, ஊறட்டும் இருங்க, என்று மட்டும் சொன்னாள். முகக்கவசம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கவேண்டும்... பாதி முகத்துக்குப் பொய் சொல்லும் வேலை மிச்சம்.

ஊறுகிற நேரத்தில் கோப்பைத் திறந்தாள், திறக்காமல் இருந்திருக்கலாம். டாக்டரின் ஆய்வு சின்னதுதான், ஆறாத புண் உள்ளவர்களில் பாதிப் பேருக்குப் பழுப்பு மூடி டப்பா, உள்ளே தேன் களிம்பு, மீதிப் பேருக்கு வெள்ளை மூடி, உள்ளே வெள்ளி சேர்ந்த களிம்பு, பன்னிரண்டு வாரம் போட்டுப் பார்த்து எது தேவலை என்று சொல்லவேண்டும். வாராவாரம் புண்மேல் கண்ணாடித்தாளை வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து, தாளைக் கட்டம் போட்ட அட்டைமேல் வைத்து எண்ணுவது அவள் வேலை. இதில் என்ன கஷ்டம், குழந்தைகூட வரையும், என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தாள். ஓரம் எது என்பதுதான் கஷ்டம். புண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும், தாளில் அதைப் புள்ளிகளால் குறித்துக்கொள்வாள், அது இப்போதுதான் முளைக்கிற புதுத்தோலாக இருக்கலாம், ஈரத்தில் ஊறிச் செத்த தோலாகவும் இருக்கலாம், விரலால் தொட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அவள் பழுப்பு மூடிக்காரர்களின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள், பிறகு வெள்ளை மூடிக்காரர்களின் தாள்களை. பழுப்பில் கோடு வளையத்துக்கு உள்ளே ஓடியிருந்தது. வெள்ளையில் வளையத்துக்கு வெளியே. ஒரே கை, ஒரே பேனா... தெரிந்தா செய்தாள், இல்லை, சத்தியமாக இல்லை, தெரியாமலா செய்தாள், அதற்கும் சத்தியம் செய்ய வாய் வரவில்லை. டிரைவருக்கு நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது, முப்பத்தாறு, முப்பத்து மூன்று, முப்பத்தொன்று, இருபத்தொன்பது என்று படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது, ஒரு வாரம்கூட முரண்டு பிடிக்காமல், எந்தப் புண் இவ்வளவு ஒழுங்காக ஆறும், இருபது வருஷமாகப் புண் கட்டுகிறவளுக்கு இது தோன்றவில்லையா.

வெள்ளை டப்பாவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஐந்து வருஷத்துக்கு முன் அவள் வீட்டுக் கட்டிலடியில் அதே மாதிரி ஒரு டப்பா இருந்தது. வீட்டுக்காரருக்குக் குதிகாலில் புண், ஆஸ்பத்திரிக்கு எதுக்கு, நீ இருக்கும்போது, என்றார் அவர், ஆமாம், நான் இருக்கும்போது, என்று அவளும் நினைத்தாள், அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது. நாலு மாதம் தினமும் காலையில் கட்டு மாற்றினாள், தினமும், குறையுதுங்க, நேத்துக்கு இன்னைக்குத் தேவலை, என்றாள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நீ சொன்னா சரி, என்பார். அளந்து பார்க்கவே இல்லை, ஊரார் புண்ணையெல்லாம் அளந்தவள். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, களிம்பு சரியில்லை, அந்த வெள்ளை எழவைப் போட்டதால்தான், என்று எல்லோரிடமும் சொன்னாள், நாத்தனாரிடம், மகளிடம், கண்ணாடியில் தன்னிடம்கூட. கால் போன பதினோராவது மாதம் அவரும் போனார். கட்டு மாற்றிய அந்த நாலு மாதத்தின் கடைசியிலேயே அவருக்குச் சின்னப்பிள்ளைப் புத்தி வந்துவிட்டிருந்தது, களிம்பு டப்பாவின் மூடியை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வார், ஒருநாள் வீடு முழுக்கத் தேடி, கிடைக்காமல், பிளாஸ்டிக் தாளும் ரப்பர் பேண்டும் போட்டு மூடி வைத்தாள். எதுக்குங்க உங்களுக்கு மூடி, விளையாட வேற பொருள் இல்லையா, என்று எரிந்து விழுந்தாள். சிரித்தார், அவ்வளவுதான். காலை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று படுக்கையை உதறினால் தலையணைக்கடியிலிருந்து உருண்டு வந்தது.

துணி விட்டு வந்தது. கழுவி, ஒற்றி, விளக்கை இறக்கி வைத்துப் பார்த்தாள். புண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மனசு உடனே, புதுத்தோல், பாரு எவ்வளவு அழகா வருது, என்றது, கேட்டுக் கேட்டுப் பழகிய குரல், கட்டிலருகே தினமும் ஒலித்த அதே குரல். விரலால் தொட்டாள். நொளநொளவென்று நகர்ந்தது, நேற்றைய ஈரத் துணியைப்போல. இருபத்தொன்பது என்று எழுதிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள், டாக்டர் அதைத்தான் எதிர்பார்க்கிறார், சிடுமூஞ்சியின் பெயர் கெடும், அவளுக்கு அது புதிதா என்ன... அப்புறம் இன்னும் நாலு வாரம், இந்த மனுஷன் முக்காலியில் கால் நீட்டி அதே கேள்வி கேட்பார், உள்ளே ரத்தம் போகாத கால் மெல்ல மெல்லக் கறுக்கும். கண்ணாடித்தாளை வைத்தாள். பேனாவை வளையத்துக்கு வெளியே கொண்டு போனாள், ஒவ்வோர் அங்குலமும் உள்ளே இழுத்தது கை, இழுக்க இழுக்க வெளியே தள்ளினாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நாற்பத்து நாலு.

"எவ்வளவு சிஸ்டர்?" என்று பக்கத்து அறையிலிருந்து டாக்டர் கேட்டார். "நாப்பத்து நாலு" என்றாள். வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப அவங்க போன வாரம் வரைஞ்சது..." என்று இழுத்தார். "அவங்க வரைஞ்சதுதான் சரி டாக்டர். அதுக்கு முன்னாடி நான் வரைஞ்சதுதான் தப்பு. மத்தவங்க தாளையும் பார்க்கணும். எல்லாத்தையும்." அவர் கோப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்து, நோயாளி இருப்பதால் விட்டுவிட்டு, ரத்தக்குழாய் டாக்டருக்கு இரண்டு வரி எழுதினார், நாளைக்கே போகணும், தள்ளிப் போடக்கூடாது, என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேள்வி சாயங்காலம் வரும், வரட்டும்.

அவள் குனிந்தபடியே கட்டுத் துணியைச் சுற்றினாள். மன்னிச்சிடுங்க, என்று சொல்லத்தான் நினைத்தாள், "குறையலைங்க" என்றுதான் வந்தது. "இவ்வளவு நாளும் குறையலை. நான் தப்பா சொல்லிட்டேன்."

"தெரியும் சிஸ்டர்" என்றார் டிரைவர்.

அவள் நிமிர்ந்தாள். அவர் மணிக்கட்டிலிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி, கட்டின்மேல், புண் இருக்கும் இடத்துக்கு நேராக, அதன் வட்ட முகத்தை வைத்துக் காட்டினார். "வீட்டுல கட்டு மாத்தறப்ப இதைப் பக்கத்துல வச்சுப் பார்ப்பேன். முத நாளும் இந்த அளவு, நேத்தும் இந்த அளவு. அவன் எங்க காலி பண்றான்." பிறகு எங்கே அவள் வருத்தப்படுவாளோ என்பதுபோல, "குறைஞ்சிருக்குன்னு நீங்க சொல்றப்ப உங்க கண்ணு அப்படி இருக்கும். அதைப் போய்க் கெடுப்பானேன்னு சும்மா இருந்துட்டேன்" என்றார்.

அவள் கட்டின் நுனியைப் பிடித்தபடி நின்றாள், ஒட்டுப் பட்டையைக் கிழிக்க மறந்து. கடிகாரத்தின் முகம் வட்டமாக, ஒரு டப்பா மூடி அளவுக்கு இருந்தது. வீட்டுக்காரரின் தலையணைக்கடியில் அந்த மூடி எத்தனை நாளாக... கடைசி மாதம்தானா, இல்லை முதல் வாரத்திலிருந்தேவா, அவள் குளிக்கப் போகிற நேரத்தில் கட்டை விலக்கி, மூடியை வைத்துப் பார்த்து, மறுபடி விலக்கினது தெரியாமல் மூடி... அப்புறம் அவள் வந்து, குறையுதுங்க, என்றதும் தலையைத் தூக்கி, நீ சொன்னா சரி... "என்ன சிஸ்டர், முடிச்சிட்டீங்களா?" என்றார் டிரைவர். இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கு, என்று சொல்லிவிட்டு அவள் பட்டையைத் தேடினாள்.