வெளியில் சொல்லாத அடையாளம்

தொலைந்த நாய், பூனைகளை உரியவர்களிடம் சேர்க்க நாங்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவளே பள்ளிக்கூட டீச்சரான நான்தான். கிடைத்த பிராணியின் நிறத்தையும் இடத்தையும் மட்டும் அறிவிப்போம். படம் கிடையாது. ஓர் அடையாளத்தை மட்டும் வெளியில் சொல்லாமல் வைத்துக்கொள்வோம். தேடி வருகிறவர் அதைச் சரியாகச் சொன்னால்தான் பிராணியைக் கண்ணில் காட்டுவோம். முன்பு ஒரு லாப்ரடார் குட்டியைப் புளுகன் ஒருவனிடம் தூக்கிக் கொடுத்து ஏமாந்தேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடுமா? திருச்சி தென்னூரில் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே யார் நின்று அழுதாலும் இளகமாட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று சனிக்கிழமை மாரியாயி வந்தாள். வாத்தலைப் பக்கம் ஒரு கிராமம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுவந்தபோது கூடவே லோடு ஆட்டோவில் ஏறி வந்த நாய், கூட்டத்தில் மிரண்டு ஓடிவிட்டதாம். ஸ்ரீரங்கத்தில் ஒரு செவலை நாய் கிடைத்திருக்கிறது என்ற எங்கள் அறிவிப்பைப் பூக்கடைக்காரர் ஒருவர் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"செவலை நாய்ங்க டீச்சர். செம்மின்னு கூப்புடுவேன். வீட்டுல பேச்சுக் குடுக்க அத விட்டா ஆள் இல்ல. நாளைக்கு மக வந்து திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேங்குறா. வீட்டப் பூட்டிப் போட்டுட்டுப் போயிருவேன். செம்மி கெடச்சா போகமாட்டேன்."

"காது எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் வெத்தலையாட்டம் முழுசா இருக்கும்ங்க."

நான்கு நாளுக்கு முன் கிடைத்து என்னிடம் இருந்த நாய்க்கு இடது காதில் முக்கோணமாக ஒரு வெட்டு. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்ததும் அடையாளத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதைத்தான் நான் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"உங்க நாய் இல்லம்மா. போயிட்டு வாங்க."

அதற்குள் பின்கட்டில் கட்டியிருந்த நாய் கத்த ஆரம்பித்துவிட்டது. வந்ததிலிருந்து வாயே திறக்காத நாய். மாரியாயி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருவாட்டி காட்டுங்க டீச்சர். எட்டத்துல நின்னு கூப்புடுறேன், வருதான்னு மட்டும் பாருங்க."

"புது ஆளைப் பாத்தா எல்லா நாயும்தான் கத்தும். காட்டக்கூடாதுங்கறது சட்டம்."

உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள்.

அரைமணி கழித்து இன்னாசிராஜ் போன் செய்தான். கருத்தடை முகாமுக்கு நாய் பிடிக்கிறவன். எங்கள் குழுவிலும் இருக்கிறான்; முந்தாநாள் வந்து இந்த நாயைப் பார்த்துவிட்டுப் போனவன். வந்தவளைப் பற்றிச் சொன்னேன்.

"அக்கா, அந்தச் செவலைய ரெண்டு மாசம் முன்னாடி ஸ்ரீரங்கத்துல புடிச்சதே நான்தானே. ஆபரேஷன் பண்ணி, காத வெட்டி, புடிச்ச எடத்துலயே விட்டோம். அதுக்கு முன்ன காது முழுசாத்தான் இருந்துச்சு."

எத்தனை நாய்களை நானே அந்த முகாமுக்கு அனுப்பியிருக்கிறேன்! இடையில் வெட்டியிருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? ஒரு நாட்டுநாயைப் பொய் சொல்லி வாங்கிப்போக வாத்தலையிலிருந்து எவள் பஸ் ஏறி வருவாள்? போன் நம்பர் வாங்கவில்லை, ஊர்ப் பேரைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. நாளைக்கு அந்த வீடு பூட்டிவிடும்.

நாயை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். ஆட்டோக்கார ஆசாத், "நாயா?" என்று இழுத்தார். "கெஞ்சிக் கேக்கிறேன் அண்ணே, சத்திரம் பஸ் ஸ்டாண்டு. சீக்கிரம்!" என்றேன். வழியெல்லாம், மாதாவே, பஸ் கிளம்பியிருக்கக் கூடாது, கிளம்பியிருக்கக் கூடாது என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வாத்தலை வழியாகப் போகும் முசிறி பஸ் நகரத் தொடங்கியிருந்தது. குறுக்கே போய் நின்றேன். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். என் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு நாய் படிக்கட்டில் பாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு அலறல். மாரியாயி இறங்கி அப்படியே தார்த் தரையில் உட்கார்ந்தாள். நாய் அவள் முகம், கழுத்து, முந்தானை என்று எதையும் விடவில்லை. நாயை ஏற்ற முடியாது என்று கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் போய்விட்டது.

"மன்னிச்சிருங்கம்மா. தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"வாசல்ல நின்னப்ப கத்துனது இதுதானுங்களே?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரிஞ்சுச்சு. படிச்சவங்க இல்லேங்கறீங்களே, நம்ம காதுதான் தப்போன்னு வந்துட்டேன்."

ஆசாத் ஆட்டோவிலேயே ஊர்வரை கொண்டுவிடுவதாகச் சொன்னேன். அவள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைப் பார்த்து நடந்தாள். இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. பொறுக்காமல் பின்னாலேயே போனேன். பாலம் தொடங்கும் இடத்தில் அவள் திரும்பினாள். நாய் அவள் புடவைக்குள் ஒண்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"வராதீங்க டீச்சர். நீங்க வந்தா இது பயப்படுது."

நான் நின்றுவிட்டேன்.