யூடீன் சொன்ன குட் நைட்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஞானஸ்நான விருந்தில் கிடைத்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து வந்த நாங்கள் நாலு பேர் கூடினால் போதும், ஆஸ்பர்ட் ரம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவான்: "நம்ம யூடீன் ரூம் பாக்கப் போன கதை தெரியுமா?" எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

கதை இதுதான். ஐம்பத்தேழாம் வருஷம், நவம்பர். யூடீன் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. குடியிருந்த அறையின் சொந்தக்காரர், குழந்தைச் சத்தம் கேட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை முடிந்து வருகிற வழியில், ஜன்னலில் 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்கிய ஒரு வீட்டின் மணியை அடிக்கிறாள். இருட்டிவிட்டது. இருட்டிய பிறகு ஒரு வாசலில் போய் நின்றால் எங்கள் தீவில் சொல்கிற வணக்கம் 'குட் நைட்'. அவளும் சொன்னாள். வீட்டுக்காரியும் சிரித்த முகமாக "குட் நைட்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

சிரித்தாயிற்றா? சரி.

2

இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். ஆரம்பம் ஒன்று: "பனி மூடிய ஒரு மாலையில், கனவுகளைச் சுமந்தபடி—" (அடச்சே. அவள் சுமந்தது வயிற்றுப் பிள்ளையை.)

ஆரம்பம் இரண்டு: "மொழி ஒன்றுதான், ஆனால் இரு தேசங்களுக்கு நடுவே அது—" (இதைப் படித்தால் அந்த வீட்டுக்காரிக்கே மனசு குளிர்ந்துபோகும். பாவம், வார்த்தைக் குழப்பம், யார்மேலும் தப்பில்லை.)

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இடுப்பில் கை ஊன்றி மூச்சு வாங்க நிற்கிற பிள்ளைத்தாய்ச்சி வணக்கம் சொல்ல வந்தாளா, விடைபெற வந்தாளா என்றுகூடவா ஒருத்திக்குத் தெரியாது?*

* வீட்டுக்காரி பக்கத்து நியாயத்தையும் எழுதிப் பார் என்றார் ஒரு நண்பர். எழுதினேன். அவளுக்கு மூட்டுவலி, பூனை, போரில் செத்த மகன் எல்லாம் கொடுத்தேன். பிறகு கிழித்துப் போட்டேன். மூட்டுவலி எங்களுக்கும்தான் இருக்கிறது.

3

யூடீனிடமே போனேன். மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கதைக்கு நீங்க மட்டும் ஏன் சிரிக்கிறதே இல்ல?"

"ஆஸ்பர்ட் பாதியில நிறுத்திடுறான். மறுநாள் நான் திரும்பப் போனேன் தம்பி."

இது யாருக்கும் தெரியாது.

"வேலை செய்ற இடத்துல ஒரு நர்ஸ் சொன்னா, இங்க குட் நைட்னா போய்ட்டு வரேன்னு அர்த்தமாம். வெக்கமாப் போச்சு. நம்ம தப்புதானேன்னு லீவு போட்டுட்டு, சர்ச்சுக்குப் போட்டுக்கிற தொப்பிய மாட்டிக்கிட்டு, பட்டப்பகல்ல போனேன். 'குட் ஆஃப்டர்நூன் மேடம், ரூம் விஷயமா வந்தேன்'னு சுத்தமா சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"அதே சிரிப்பு. 'குட் நைட்'னு சொல்லிக் கதவச் சாத்திட்டா."

கத்தியை ஒருமுறை கழுவிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

4

முடிவுகள்.

(அ) புருஷன் ஆல்பன் வேறு தெருவில் ஓர் அறை பிடிக்கிறான், குழந்தை சுகமாகப் பிறக்கிறது. நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இப்படி முடித்தால் நீங்கள் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அந்தச் சிரிப்புக்காரி தப்பித்துவிடுவாள்.

(ஆ) வீட்டுக்காரி மனம் மாறி— (மாட்டாள்.)

(இ) யூடீன் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறாள். வசனம் ஜோராக வந்தது. யூடீனிடமே வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. நான் அப்படிப் பேசலியே," என்றாள். "உனக்குக் கோவம்னா நீ திட்டிக்கோ. என்னை மட்டும் அங்கயிருந்து திரும்பி நடக்க விடாத. நடந்தது போதும். நிக்க வை. படிக்கிறவங்க பதில் சொல்லட்டும்."

நிற்க வைத்துவிட்டேன். பட்டப்பகல், தலையில் தொப்பி, ஏழு மாத வயிறு. மணியை அடித்துவிட்டாள். இதற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டேன். வீட்டுக்குள் இருப்பவர் நீங்கள்தான். எழுந்து போய்த் திறங்கள், அவளுக்குக் கால் வலிக்கிறது.